தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்று: மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் தோல் மருத்துவம் பார்த்துவரும் எனக்கு இந்த நோயுள்ளவர்கள் ஆண்டுக்கு ஓரிருவரே வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும், அவர் கோத்தகிரிக்காரராக இருந்தாலும் கூடலூர்க்காரராக இருந்தாலும், ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். புறநோயாளிகள் வரிசை நீண்டிருக்கும் நேரத்தில் முழுமையாகச் சொல்ல முடியாமல் போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தையும் அளவையும் உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது பயன்படும்.

அறிக்கையில் 'மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். இது பூஞ்சை நோயா, புற்றுநோயா?

இது பூஞ்சையால் வருவதன்று. 1806-ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சென் லூயி மருத்துவமனையில் அலிபேர் என்ற மருத்துவர், காளான் போன்ற கட்டிகள் உடலெங்கும் எழும்பியிருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பின்னர் அந்தக் காளான் உவமையே நோயின் பெயராக நிலைத்துவிட்டது. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் படர்தாமரை மருந்தை வாங்கிப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களில் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுள் சில, இயல்பாகவே தோலுக்கு வந்து தங்கிக் காவல் காப்பவை. அப்படித் தோலில் தங்கிய ஒரு செல் கட்டுப்பாடு இழந்து, தன்னைப் போன்றவற்றையே பெருக்கிக்கொண்டு போவதுதான் இந்த நோய். எனவே வகைப்பாட்டின்படி இது லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்று. தோலில் தொடங்கும் டி செல் லிம்ஃபோமாக்களில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. ஆனால் 'புற்று' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் வேகம் பெரும்பாலோரிடம் இந்த நோய்க்குக் கிடையாது. பலருக்கு இது பல பத்தாண்டுகள் தோலோடு நின்றுவிடுகிறது.

இது எவ்வளவு அரிதானது? யாருக்கு வரும்?

அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்படி, தோலில் தோன்றும் டி செல் லிம்ஃபோமாக்கள் அனைத்தையும் சேர்த்தாலும் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 6 பேர்தான் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமும், பெண்களைவிட ஆண்களிடமும் மிகுதி. ஆனால் வெளிர்நிறத் தேமலாக வரும் வகை, நம்மைப் போன்ற மாநிறத்தாரிடமும் கருநிறத்தாரிடமும் இளம் வயதிலேயே, சிறுவர்களிடமும்கூடக் காணப்படுகிறது.

தொடக்கத்தில் எப்படி இருக்கும்?

முதலில் தட்டையான படைகளாக வரும். சற்றே சிவந்தோ பழுப்பாகவோ வெளிறியோ, மெல்லிய செதிலோடு, ஓர் உள்ளங்கை அகலத்துக்கோ அதைவிடச் சிறிதாகவோ இருக்கும். விரும்பி அமரும் இடங்கள் பிட்டம், இடுப்பு, அடிவயிறு, தொடையின் உட்பக்கம், பெண்களுக்கு மார்பகம் ஆகியவை. சுருங்கச் சொன்னால், வெயில் படாத, உடையால் மூடிய இடங்கள். நம் மலையில் இதுவே ஒரு சிக்கல். சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை என்று ஆண்டில் பெரும்பகுதியும் மூடியே வாழ்கிறோம். குளிரில் நடுங்கிக்கொண்டு விரைவாகக் குளித்து முடிக்கிறோம். தன் இடுப்பின் பின்புறத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்ப்பதற்கு வாய்ப்பே அமைவதில்லை. வீட்டில் இருப்பவர் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

நான் பரிசோதிக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நோயாளியை நிறுத்துவேன். நேர் வெளிச்சத்தில் வெறும் தேமலாகத் தெரிந்த இடம், சாய்ந்த வெளிச்சத்தில் வெங்காயத்தின் வெளித்தோலைப் போல மெலிந்து நுண்ணிய சுருக்கங்களோடு மினுக்கும். இரண்டு விரல்களால் மெல்ல நெருக்கினால் அந்தச் சுருக்கங்கள் கூடும். எல்லோருக்கும் இது இருக்காது; இருந்தால், அங்கேயே பயாப்ஸிக்கு, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதற்குத் தேதி குறித்துவிடுவேன்.

தட்டையான படைகள் சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் தடித்த திட்டுகளாகின்றன. அவர்களுள் சிலருக்கே கட்டிகள் எழும்புகின்றன. படை, தடிப்பு, கட்டி என்ற இந்த வரிசையை 1870-இல் பாஸேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். எல்லோரும் இந்த மூன்று படிகளையும் ஏறுவார்கள் என்று கொள்ளவேண்டாம். பெரும்பாலோர் முதல் படியிலோ இரண்டாம் படியிலோ நின்றுவிடுகிறார்கள்.

தேமல் என்றால் இதுவாக இருக்குமா? தொழுநோயாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்களே?

வெளிறிய தேமலுக்கு நம் ஊரில் காரணங்கள் பல: குழந்தைகளின் முகத்தில் குளிர்காலத்தில் தோன்றும் வறட்சித் தேமல், மார்பிலும் முதுகிலும் வரும் பூஞ்சைத் தேமல், வெண்புள்ளி, தொழுநோய். இவை அனைத்துமே இந்தப் புற்றைவிடப் பல மடங்கு மிகுதி. ஆகவே தேமலைக் கண்டதும் அஞ்சவேண்டாம். ஆனால் பிட்டத்திலும் தொடையிலும் பல தேமல்கள் இருந்து, மருந்துக்கு மசியாமல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அதைத் தேமல் என்றே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

தொழுநோயோடு குழம்புவது இந்தியாவில் உண்மையாகவே நிகழ்கிறது. தொழுநோய்த் தேமலில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும்; பஞ்சு நுனியால் தொட்டால் தெரியாது. வியர்வை குறையும், முடி உதிரும், முழங்கையின் பின்புறமோ முழங்காலின் பக்கத்திலோ நரம்பு கயிறு போலத் தடித்திருக்கும். மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸில் தொடு உணர்வு அப்படியே இருக்கும்; பலருக்கு அரிப்பும் சேர்ந்திருக்கும். ஆனால் மயிர்க்கால்களைச் சுற்றிப் படரும் ஒரு வகையில் முகமும் தலையும் பாதிக்கப்பட்டு புருவம் உதிரும். தொழுநோயிலும் புருவம் உதிரும். கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாத இடம் இது. தோலைக் கீறி எடுக்கும் ஸ்மியர் சோதனையும் பயாப்ஸியும் சேர்ந்தே விடை தரவேண்டும். தொழுநோய் என்று தெரிந்தால் அதற்கான கூட்டு மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது; அந்த நோய் முழுமையாகக் குணமாகக் கூடியது.

இத்தனை ஆண்டுகளாகப் பல இடங்களில் காட்டினோம். ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குக் குரல் உடைந்துவிடுகிறது. முதல் படை தோன்றியதிலிருந்து நோய் உறுதியாவதற்கு மூன்று ஆண்டுகள் ஆவது, வசதிகள் நிறைந்த நாடுகளிலும் வழக்கமாகவே இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்களும் உண்டு. தொடக்கத்தில் இது எக்ஸிமாவைப் போலவும் சோரியாசிஸைப் போலவும் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தாலும் ஒவ்வாமைத் தடிப்பிலிருந்து பிரித்தறிய முடியாத காலம் ஒன்று உண்டு.

அதற்கு மேல் நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா என்னிடம் வந்தபோது, மஞ்சப்பையைக் கவிழ்த்து மேசைமேல் பதினொரு ஆயின்ட்மென்ட் குழாய்களைக் கொட்டினார். எல்லாம் அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கி முடித்தவை. ஒன்பதில் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்திருந்தன. எல்லாம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவை. "பூசினா போயிடும் டாக்டர், விட்டா வந்திடும்" என்றார். ஸ்டீராய்டு இந்த நோயையும் தற்காலிகமாக அமுக்கும் என்பதால், போய்ப்போய் வந்ததே எல்லோரையும் ஏமாற்றியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறி மருத்துவரைப் பார்ப்பதைவிட, கடைத்தெருவில் குழாய் வாங்குவது எளிது என்ற நிலை இருக்கும்வரை இது நடக்கும். இருந்தாலும் மருந்துச் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் வாங்கவேண்டாம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றோர் எச்சரிக்கை: நடுவயதில் புதிதாக 'எக்ஸிமா' வந்து, எக்ஸிமாவுக்கான டூபிலுமாப் ஊசி போட்டும் குறையாமல் கூடிக்கொண்டே போனால், மீண்டும் பயாப்ஸி எடுத்துப் பார்ப்பதே முறை. அப்படிச் சிலரிடம் உள்ளே மறைந்திருந்த இந்த லிம்ஃபோமா வெளிப்பட்டிருக்கிறது.

பயாப்ஸி எப்படி எடுப்பார்கள்? கத்தி பட்டால் நோய் பரவிவிடாதா?

பரவாது. இந்த அச்சத்தினால் ஓராண்டைத் தள்ளிப்போட்டவர்களை நான் அறிவேன். அந்த ஓராண்டில் நேர்ந்த இழப்புக்கு எந்த ஈடும் இல்லை.

மரத்துப்போகும் ஊசி போடும்போது எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக்கென்ற வலி இருக்கும். அதன்பின் அழுத்தம் மட்டுமே தெரியும். பென்சில் முனையளவுள்ள வட்டக் கத்தியால் தோலைத் துளைத்து எடுப்போம். அல்லது அகலமான மெல்லிய சீவலாக எடுப்போம். இந்த நோயில் செல்கள் தோலின் மேலடுக்கை நோக்கி ஏறுகின்றன என்பதால், ஆழமான சிறு துண்டைவிட அகலமான துண்டு சில வேளைகளில் மிகுதியாகச் சொல்லும். ஓரிடத்தில் எடுத்தால் போதாது. மருந்து படாத இரண்டு மூன்று படைகளிலிருந்து எடுக்கவேண்டும். அதற்கு முன் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்டை நிறுத்துவது இன்றியமையாதது. நிறுத்தினால் அரிப்பு கூடும் என்பது தெரியும். அந்த நாட்களுக்குத் தேங்காய் எண்ணெயோ வேஸ்லினோ பூசிக்கொள்ளலாம்.

துண்டை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றின் மீதும் எழுதி, கோயம்புத்தூருக்கோ அதற்கு அப்பாலோ அனுப்புகிறோம். அனுப்பும் தாளில் 'மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் சந்தேகம்' என்றும், படைகள் எத்தனை ஆண்டுகளாக எங்கெங்கே உள்ளன என்றும் மருத்துவர் எழுதவேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் போகும் துண்டு பெரும்பாலும் 'நாள்பட்ட தோலழற்சி' என்ற பொதுவான விடையோடு திரும்பி வருகிறது.

"உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று அறிக்கை வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

மீண்டும் எடுக்கவேண்டும். மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ, தேவையானால் அதற்குப் பிறகும் எடுக்கவேண்டும். இது மருத்துவரின் தவறன்று, ஆய்வகத்தின் தவறுமன்று. நோய் தன்னை முழுமையாகக் காட்டும்வரை காத்திருந்து பார்ப்பது இதன் இயல்போடு ஒட்டிய முறை.

நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் தேடுவது சில குறிகளை. இயல்பைவிடப் பெரிய, உட்கரு மடிந்த லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் இந்த வகை வெள்ளணுக்களே) மேல்தோலின் அடிவரிசையில் மணிகளைப் போல் கோத்து நிற்கின்றனவா, ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா, மேல்தோலுக்குள் கூட்டமாகத் தங்கி 'பாத்ரியே நுண்சீழ்க்கட்டி' என்று பெயரிடப்பட்ட சிறு கூடுகளாகியிருக்கின்றனவா என்று பார்ப்பார். பெயரில் சீழ் இருந்தாலும் உள்ளே சீழ் கிடையாது. பிறகு சிறப்புச் சாயங்கள்: சிடி3, சிடி4, சிடி8, சிடி7 முதலிய குறிகளைப் பார்க்கும்போது, இயல்பான டி செல்லில் இருக்கவேண்டிய சிடி7 போன்றவை மறைந்திருந்தால் ஐயம் வலுக்கும். செல்கள் அனைத்தும் ஒரே தாய்செல்லிலிருந்து வந்தவையா என்று காட்டும் மரபணுச் சோதனையும் உண்டு. இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த துண்டுகளிலும் ஒரே குலம் தென்பட்டால் அது வலுவான சான்று. ஆனால் இந்தச் சோதனை மட்டுமே நோயை நிறுவிவிடாது. சாதாரணத் தோலழற்சியிலும் சில வேளை ஒற்றைக் குலம் தெரியும். தோலைப் பார்த்த மருத்துவரும் துண்டைப் பார்த்த நிபுணரும் தொலைபேசியிலாவது பேசிக்கொள்வதைப் போன்ற சோதனை வேறில்லை என்பது என் அனுபவம்.

நோய் உறுதியான பிறகு ஸ்கேன் எல்லாம் எடுக்கவேண்டுமா?

படைகள் மட்டும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் உடல் முழுவதையும் கையால் பரிசோதிப்பதும் அடிப்படை இரத்தச் சோதனைகளும் போதும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். விரல்களோடு சேர்ந்த உங்கள் உள்ளங்கை, உடற்பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதைக்கொண்டு படைகளை எண்ணுவோம். தடித்த திட்டுகள் பரவலாக இருந்தாலோ, கட்டி எழும்பினாலோ, நெறி பெரிதாக இருந்தாலோ, உடல் முழுதும் சிவந்தாலோ சிடி அல்லது பெட் ஸ்கேனும், இரத்தத்தில் நோய்ச்செல் உண்டா என்று காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் தேவை. தொடக்க நிலையில் எலும்பு மஜ்ஜைச் சோதனை தேவையில்லை.

எந்த நிலை என்று எப்படிச் சொல்வது? எவ்வளவு நாள் இருப்பேன்?

படைகள் உடற்பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறைவானால் ஒன்று-ஏ, அதற்கு மேலானால் ஒன்று-பி. ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டி எழும்பினால் இரண்டு-பி. 80 சதவீதத்துக்கு மேல் சிவந்து உரிந்தால் மூன்றாம் நிலை. இரத்தத்திலோ நிணநீர்க் கணுக்களிலோ உள்ளுறுப்பிலோ நோய் வலுவாகப் பதிந்திருந்தால் நான்காம் நிலை.

ஒன்று-ஏ நிலையில் இருப்பவர்களின் ஆயுள், அதே வயதுடைய மற்றவர்களின் ஆயுளோடு ஏறக்குறைய ஒத்தே இருக்கிறது. இந்த ஒரு வரியை நான் நோயாளியிடம் இருமுறை சொல்வேன்; கூட வந்திருப்பவரிடம் மூன்றாம் முறை சொல்வேன். கட்டி நிலையிலும் நான்காம் நிலையிலும் உண்மை கடினமானது. அங்கே ஐந்தாண்டைக் கடப்பவர்கள் பாதிப்பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கிறார்கள். ஆனால் கண்டறியப்படும்போது பெரும்பாலோர் முதல் நிலையிலேயே இருக்கிறார்கள்.

இது ஒட்டுமா? பிள்ளைகளுக்கு வருமா? தோட்டத்தில் மருந்தடித்ததால் வந்ததா?

ஒட்டாது. ஒரே பாயில் படுக்கலாம், குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் உண்ணலாம். பரம்பரையாகவும் வருவதில்லை, ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்ததாகப் பதிவானவை மிகச் சில. தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்துக்கும் இதற்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. மருந்தடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணியவேண்டும் என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் பல இருக்கின்றன.

புற்று என்கிறீர்கள், ஆனால் வெறும் ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுக்கிறீர்கள். ஏன் உடனே கீமோ கொடுக்கவில்லை?

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் முன்பே விடை தேடியிருக்கிறது. 1989-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 103 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தொடக்கத்திலேயே உடல் முழுவதும் எலக்ட்ரான் கதிரும் பல மருந்துக் கீமோவும் கொடுத்தார்கள்; மறு பிரிவுக்குத் தோல்மேல் பூசும் மருந்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். கடும் சிகிச்சை பெற்றவர்களிடம் நோய் முதலில் நன்றாக மறைந்தது; ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழவில்லை, பக்கவிளைவுகளை மட்டும் மிகுதியாகப் பட்டார்கள். அன்றிலிருந்து, தோலில் நிற்கும் நோயைத் தோல் வழியாகவே நிதானமாக அடக்குவது என்பதே நெறியாகிவிட்டது. தொடக்க நிலையில் உள்ளவருக்கு யாராவது ஆறு சுற்று கீமோ என்று பேசினால், இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

சில படைகளே இருந்தால் வீரியமான ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட், படையின் மேல் மட்டும், மருத்துவர் சொன்ன காலம்வரை. முன்பு தானாக வாங்கிப் பூசியதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். மருந்து ஒன்றாக இருக்கலாம். எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எப்போது நிறுத்துவது என்று தெரிந்து பூசுவது வேறு. மெக்ளோரெத்தமின் களிம்பு மேலைநாடுகளில் வழக்கம். இங்குள்ள மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

ஒளி சிகிச்சை என்றால் என்ன? மலையில் வெயிலிலேயே நின்றால் போதாதா?

புற ஊதாக் கதிர் தோலின் மேலடுக்கில் உள்ள நோய்ச்செல்களை மடியச் செய்கிறது. விளக்குகள் பொருத்திய ஒரு பெட்டிக்குள், கண்ணாடி அணிந்து, பிறப்புறுப்பை மூடிக்கொண்டு, முதலில் நொடிக் கணக்கிலும் பிறகு நிமிடக் கணக்கிலும் நிற்கவேண்டும். இரண்டு முறைகள் உண்டு. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டை யூவிபி, மெல்லிய படைகளுக்கும் தேமல் வகைக்கும் ஏற்றது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கொடுக்கலாம். தடித்த திட்டுகளுக்குப் பூவா: சொரலென் மாத்திரையை உண்டு, இரண்டு மணிநேரம் கழித்து யூவிஏ கதிரில் நிற்பது. இந்த நோய்க்குப் பூவா 1976 முதல் பயன்பட்டு வருகிறது. ஆழமாக ஊடுருவும், ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்தால் வேறு வகைத் தோல்புற்றுக்கு வாய்ப்பு கூடும்.

மலை வெயிலின் அளவு யார் கையிலும் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிராக இருப்பதால் சுடுவது தெரியாமல் தோல் வெந்துபோகும். மூடிய பிட்டத்துக்கும் தொடைக்கும் அந்த வெயில் போய்ச் சேரப்போவதுமில்லை.

பூவா நாளில் ஒன்றை மறக்கக் கூடாது. மாத்திரை உண்டதிலிருந்து அன்று முழுதும் கண்ணும் தோலும் கதிருக்குக் கூசும். யூவிஏ சன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும், மேகத்தையும் மூடுபனியையும் தாண்டி வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பேருந்தில் வெயில்படும் பக்கத்து சன்னலோரம் அமர்ந்து வந்தவருக்கு ஒரு கன்னமும் ஒரு முன்கையும் மட்டும் சிவந்து கொப்பளித்ததைப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, நிழல்பக்கத்து இருக்கை ஆகிய மூன்றும் வேண்டும்.

நம் மக்களுக்கு இந்தச் சிகிச்சையில் கடினமானது கதிரன்று, பயணம்தான். வாரம் மூன்று முறை, மாதக் கணக்கில், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் ஒரு வாரம் போய்விடும். இரண்டு மூன்று முறை விட்டுப்போனால், பழைய அளவிலேயே தொடங்காமல் அளவைக் குறைத்துத் தொடங்கவேண்டும். ஆகவே விட்டுப்போன நாட்களை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறு விளக்குகளும் உண்டு. ஒழுங்காகக் கணக்கு எழுதிவைப்பவர்களுக்கு நான் அதை ஆதரிக்கிறேன்.

மாத்திரை, ஊசி எப்போது தேவைப்படும்?

பூச்சும் ஒளியும் போதாதபோது. குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட், அசிட்ரெடின், இன்டர்ஃபெரான் ஆகியவை இங்கே வழக்கம். பெக்ஸரோட்டின் கொடுக்கப்பட்டால் தைராய்டு சுரப்பு குறையும், டிரைகிளிசரைடு கொழுப்பு ஏறும். இரண்டையும் தொடக்கத்திலிருந்தே கவனிக்கவேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரே ஒரு நாள் உண்ணும் மருந்து. தினமும் உண்டால் உயிரைப் பறிக்கும். கிழமையை மருந்துச் சீட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். வீட்டில் காலண்டரிலும் குறித்துவையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நான் சந்தை நாளைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். குழந்தை பெற எண்ணுகிறவர்கள் இந்த மூன்றையும், அதாவது மெத்தோட்ரெக்ஸேட், அசிட்ரெடின், பெக்ஸரோட்டின் ஆகியவற்றைத் தொடங்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். அசிட்ரெடின் நிறுத்தி மூன்று ஆண்டுகள்வரை பெண்கள் கருவுறக் கூடாது.

'கரண்ட்' வைப்பார்களா?

வைப்பதுண்டு, இந்தச் செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மடங்குபவை. ஒரு கட்டி மட்டும் இருந்தால் 8 முதல் 12 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவே போதும். ஓரிரு முறையில் முடிந்துவிடும், சில வாரங்களில் கட்டி கரைந்து வடுவாகும். உடல் முழுவதும் தடிப்புகள் இருந்தால் முழுத்தோல் எலக்ட்ரான் சிகிச்சை உண்டு. நோயாளி உள்ளாடையோடு ஒரு மேடையில் நின்று, கைகளை உயர்த்தியும் திரும்பியும் ஆறு விதமாக நிற்க, கதிர் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டும் சென்று நின்றுவிடும், உள்ளுறுப்புகளைத் தொடாது. முன்பு 30 முதல் 36 கிரே கொடுத்தார்கள். இப்போது 12 கிரே அளவிலும் நல்ல பலன் கிடைக்கிறது, தேவைப்பட்டால் திரும்பவும் கொடுக்கலாம். முடியும் நகமும் உதிர்ந்து பின் வளரும். இதற்கான பயிற்சியும் கருவி அமைப்பும் சில பெரிய மையங்களில் மட்டுமே இருக்கின்றன.

உடல் முழுதும் சிவந்து உரிகிறது. இது அதே நோயா?

இரத்தத்தில் நோய்ச்செல் பெருகி, உடல் சிவந்து, நெறி கட்டினால் அது செஸாரி நோய்க்குறி, 1938-இல் விவரிக்கப்பட்டது. உள்ளங்கையும் பாதமும் தடித்து வெடிக்கும், அரிப்பு உறங்கவிடாது. இந்த நிலையிலும், கட்டி நிலையிலும் சிகிச்சை இரத்தவியல், புற்றுநோயியல் மருத்துவர்களோடு சேர்ந்தே நடக்கவேண்டும். சிடி30 குறி உள்ள கட்டிகளுக்கு பிரென்டக்ஸிமாப் வெடோடின், செஸாரிக்கு மொகமுலிஸுமாப், இரத்தத்தை வெளியே எடுத்து ஒளியூட்டித் திருப்பிச் செலுத்தும் முறை, தக்கவர்களுக்கு மற்றொருவரின் ஸ்டெம் செல் மாற்று ஆகியவை உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றின் விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

அரிப்பு தாங்கவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் நீலகிரித் தைலத்தைப் படைமேல் தேய்ப்பதை நிறுத்துங்கள். தலைவலிக்கும் சளிக்கும் உதவும் அந்தத் தைலம், புண்பட்ட தோலை எரித்து இன்னொரு தடிப்பை உண்டாக்கும். அதன்பின் எது நோய், எது தைலத்தால் வந்தது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அடுத்தது வெந்நீர். குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது இங்கே வழக்கம்; அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவி அரிப்பைக் கூட்டும். வெதுவெதுப்பான நீரில் குறைந்த நேரம் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ வேஸ்லினோ பூசுங்கள். தை மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துதான் இருக்கும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று வைத்தெடுத்தால் இளகும். கம்பளி ஸ்வெட்டர் நேரே தோலில் படாமல் உள்ளே பருத்தி பனியன் அணியுங்கள். சாதாரண அரிப்பு மாத்திரை இந்த அரிப்புக்குப் பல வேளைகளில் எடுபடாது; கேபபென்டின், மிர்டாஸபின் போன்றவை உதவும் என்பதால், அரிப்பைப் பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செலவுக்கு என்ன வழி? எங்கே போவது?

முதலில் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். அதற்கு மேல் தேவையானால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். எங்கே போனாலும் பயாப்ஸி அறிக்கையோடு, ஆய்வகத்திலிருந்து கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவை இருந்தால் மீண்டும் தோலை அறுக்காமலே வேறொரு நிபுணர் பார்க்கமுடியும்.

மறைந்துவிட்டது, இனி வரவேண்டியதில்லைதானே?

வரவேண்டும். படைகள் மறைந்த பிறகும் இந்த நோய் திரும்புவது வழக்கம். திரும்பினால் முன்பு கேட்ட மருந்தே பெரும்பாலும் மீண்டும் கேட்கும். முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வாருங்கள். மாதம் ஒருமுறை, ஒரே சன்னலருகில், ஒரே தூரத்திலிருந்து, வீட்டிலுள்ள ஒருவர் கைபேசியில் படமெடுத்து வைத்தால், நினைவை நம்பி நாம் வாதிடவேண்டியிருக்காது.

எப்போது காத்திருக்காமல் உடனே வரவேண்டும்?

தட்டையான படையில் சில வாரங்களுக்குள் கட்டி எழும்பினால், படை வெடித்துப் புண்ணாகி நீர் வடிந்தால், நெறி கட்டி இறங்காமல் இருந்தால், உடல் முழுதும் சிவந்தால் அந்த வாரமே வாருங்கள். புண்ணோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அன்றே, இரவானாலும், அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முற்றிய நிலையில் உள்ளவர்களின் உயிருக்கு ஆபத்தாவது பல வேளைகளில் வெடித்த தோல் வழியாக இரத்தத்தில் புகும் கிருமிதான். அங்கே பணியில் இருப்பவருக்கு இந்த நோயின் பெயர் பழக்கமில்லாமல் இருக்கலாம். பயாப்ஸி அறிக்கையின் ஒரு நகலை எப்போதும் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருங்கள்.